கன்ஃபர்ம் டிக்கெட் இருந்தும் ஏன் ஏற்றவில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா பாருங்கள். நீங்கள் மார்த்தாண்டம் பக்கம். உங்கள் மச்சினர் லீவு முடிந்து சவூதிக்குத் திரும்ப, கன்ஃபர்ம் டிக்கெட்டோடு திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார். கவுண்டரில் "ஃப்ளைட் ஃபுள்" என்று சொல்லி மறுநாளைக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் வந்த ஒருவர் ஏதோ ஒரு கார்டைக் காட்ட, அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. இன்னொருவர் எகானமி டிக்கெட் வைத்துக்கொண்டு பிசினஸ் கிளாஸில் போய் உட்கார்ந்தாராம். இது மோசடியா, அந்தக் கார்டை நாமும் வாங்கிவிட்டால் போதுமா, அடுத்த மாதம் உங்கள் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் போகிறார்களே என்ன செய்வது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவருக்கு அந்த சீட் சொந்தமா? இல்லை. அந்த விமானத்தில் ஏறுவதற்கான ஒரு வரிசையில் அவருக்கு இடம் உண்டு, அவ்வளவுதான். வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்பது பெரும்பாலும் நீங்கள் வீட்டில் பெட்டி கட்டுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

நான் களியக்காவிளைக்காரன். பாறசாலையைத் தாண்டித் தினமும் போய் வந்து, அதே விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரிலும் பிறகு ஷிப்ட் பொறுப்பிலும் வேலை பார்த்தவன். ஒரே நிறுவனத்துக்காக அல்ல. தரைப்பணி ஒப்பந்தத்தில் பல நிறுவனங்களின் விமானங்களைக் கையாண்டிருக்கிறோம். எந்த விமானத்துக்கு எத்தனை டிக்கெட் கூடுதலாக விற்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் நான் இருந்ததில்லை. அது தலைமையகத்து வேலை. அவர்கள் விற்றதன் விளைவு கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்கும்போது சமாளிப்பதுதான் எங்கள் வேலை. அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் 'மோசடியா' என்பது. இருக்கும் சீட்டைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்பதை, அதாவது ஓவர்புக்கிங்கை, இந்திய விதிகள் தடை செய்யவில்லை. உலகின் பெரும்பாலான இடங்களிலும் அப்படித்தான். கல்யாண வீட்டுக்காரர் ஆயிரம் பத்திரிகை கொடுத்துவிட்டு எண்ணூறு இலைக்குச் சமையல் சொல்வார் இல்லையா, அதே கணக்குதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 சீட் உள்ள விமானம், 185 டிக்கெட் விற்றாயிற்று என்று வைத்துக்கொள்வோம். நூறு பேரில் ஐந்து பேர் வராமல் போவது வழக்கம் என்றால், சராசரியாக வந்து நிற்கப்போவது 176 பேர். 180-க்கு மேல் வந்துவிடும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு போலத்தான் வரும். மீதி தொண்ணூற்றாறு முறை யாருக்கும் தெரியாமலே போய்விடும். நிறுவனத்துக்கு அது லாபம். அந்த நான்கில் ஒன்றில் மாட்டிக்கொள்பவருக்குத்தான் உலகமே இடிந்த மாதிரி.

ஆனால் இந்தக் கணக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுத்து வராமல் போகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. நம் பக்கத்து விமானங்களில் அது எடுபடாத நாட்கள் உண்டு. வளைகுடாவில் பள்ளிகள் திறக்கும் நேரம், ஆகஸ்ட் கடைசி வாரம், குடும்பம் குடும்பமாகத் திரும்புவார்கள். ஒருவர்கூட விடுபட மாட்டார். கிறிஸ்துமஸ் லீவு முடிந்து ஜனவரி முதல் வாரமும் அதே கதை, குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வேலை விசாவில் போகிறவர் தேதி தவறினால் வேலையே போகும் என்பதால் காய்ச்சலோடாவது வந்து நிற்பார். பிசினஸ் பயணிகள் நிறைந்த மும்பை, டெல்லி விமானங்களில் பலிக்கும் கணக்கு இங்கே அந்த நாட்களில் பலிக்காது. நிறுவனங்களுக்கும் இது தெரியும், பருவத்துக்குத் தகுந்தபடி குறைத்துத்தான் விற்பார்கள். இருந்தும் தப்புவதுண்டு.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது: கவுண்டரில் "ஃபுள்" என்று சொல்வதற்குப் பின்னால் கூடுதல் விற்பனை மட்டும்தான் இருக்கும் என்றில்லை. பெரிய விமானம் பழுதாகி, அதற்குப் பதில் சின்ன விமானம் வந்திருக்கலாம். 232 சீட் உள்ள ஏ321-க்குப் பதிலாக 186 சீட் உள்ள ஏ320 வந்தால், ஒரு டிக்கெட்கூடக் கூடுதலாக விற்காமலே 46 பேருக்கு இடமில்லை. மோசமான வானிலை என்றால் வேறு ஊருக்குத் திருப்பிவிட வேண்டி வரலாம் என்று கூடுதல் எரிபொருள் போடுவார்கள். அந்த எடைக்கு ஈடாகச் சில சீட்டுகளைக் காலியாக விடச் சொல்லி உத்தரவு வரும். வேறு ஊரில் விமானம் ஓட்டப் போகும் பணியாளர்களை ஏற்றிவிட வேண்டியிருக்கலாம். 2017 ஏப்ரலில் சிகாகோவில் ஒரு பயணியை சீட்டிலிருந்து இழுத்துப்போட்ட வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உலகமே அதை ஓவர்புக்கிங் என்றுதான் பேசியது. அங்கே நடந்தது, நான்கு பணியாளர்களுக்கு இடம் வேண்டும் என்று எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டது.

இன்னொரு வகையும் இருக்கிறது, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நம் ஊரில் 'ஆஃப்லோட் பண்ணிட்டாங்க', அதாவது விமானத்தில் ஏற்றாமல் நிறுத்திவிட்டார்கள், என்று சொல்வதில் பாதி ஓவர்புக்கிங்கே கிடையாது. விசாவில் இருக்கும் பாஸ்போர்ட் நம்பரும் கையிலுள்ள பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகவில்லை, ரீ-என்ட்ரி (லீவில் வந்தவர் திரும்பி நுழைவதற்கான அனுமதி) தேதி முடிந்துவிட்டது, ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டுக்கு (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) எமிகிரேஷன் அனுமதி இல்லை, கவுண்டர் மூடிய பிறகு வந்தார் என்று காரணம் வேறாக இருக்கும். இவற்றுக்கு இழப்பீடு எதுவும் கிடையாது. ஏஜென்ட் செய்யும் வேலையும் உண்டு. குரூப்பாக மொத்தமாகப் பிடித்துவைத்த சீட்டில் ஒரு பெயரை எழுதி, பி.என்.ஆர். அச்சடித்துக் கொடுத்துவிடுவார்; டிக்கெட் எடுத்திருக்க மாட்டார். பெரிய நிறுவனங்களின் டிக்கெட் என்றால் பி.என்.ஆருக்குக் கீழே 13 இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் குறி: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, கத்தார் ஏர்வேஸுக்கு 157. அந்த எண் இல்லாமல் ஆறு எழுத்து பி.என்.ஆர். மட்டும் இருந்தால் அது வெறும் முன்பதிவு. குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றில் இந்த எண் இருக்காது. அங்கே நிறுவனத்தின் தளத்திலேயே பி.என்.ஆரும் பெயரும் போட்டு, பணம் கட்டியாயிற்று என்று காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் மச்சினரை மறுநாளே கட்டணமில்லாமல் அனுப்பியிருக்கிறார்கள் என்பதால், அவருடையது உண்மையான டிக்கெட், தவறு நிறுவனத்தின் பக்கம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அது கூடுதல் விற்பனையா, சின்ன விமானம் வந்ததா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் நேரத்துக்குப் போனவருக்கு இடம் மறுத்தது மறுத்ததுதான்.

அப்படி மறுத்தால் என்ன தர வேண்டும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதி இருக்கிறது, 2010-ல் வந்தது, தொகையை 2016 ஆகஸ்ட் 1 முதல் உயர்த்தினார்கள். முதல் கடமை, விட்டுக்கொடுக்க யாராவது தயாரா என்று பயணிகளிடம் கேட்பது. அப்படி யாரும் கிடைக்காமல் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக நிறுத்தினால், முதல் விமானத்தின் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் கிளம்புவதில் ஏற்றினால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் இரண்டு மடங்கு, ஆனால் 10,000 ரூபாய்க்கு மேல் இல்லை. 24 மணி நேரத்தைத் தாண்டினால் நான்கு மடங்கு, உச்சம் 20,000 ரூபாய். வேறு விமானமே வேண்டாம் என்றால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்ப, அதற்கு மேல் அந்த நான்கு மடங்கு, அதே 20,000 உச்சத்தோடு. வளைகுடா டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் ஐயாயிரத்தைத் தாண்டிவிடும் என்பதால், மறுநாள் அனுப்பப்பட்ட நம் ஆட்களுக்குக் கிட்டத்தட்ட எப்போதும் அந்த உச்சத் தொகையே வரும், பத்தாயிரமோ இருபதாயிரமோ. எதிலே விழுகிறார் என்பதை மறுநாள் விமானம் கிளம்பும் நேரம் முடிவு செய்யும். அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். பணமாகவோ வங்கி வழியாகவோ தர வேண்டும். வவுச்சர் என்றால் பயணி கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால் மட்டும்தான்.

எந்த நிறுவனம் என்று நீங்கள் எழுதவில்லை. இந்திய நிறுவனம் என்றால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். வெளிநாட்டு நிறுவனம் என்றால், தன் நாட்டு விதிப்படியோ இந்தத் தொகைப்படியோ தர வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. நடைமுறையில் அங்கேதான் இழுபறி. "எங்கள் நாட்டு விதி வேறு" என்பார்கள். அப்படியானால் அந்த விதியைக் காட்டுங்கள், எழுத்தில் தாருங்கள் என்று கேட்க வேண்டும். இந்த எழுத்து விஷயத்தில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். மறுநாள் போர்டிங் பாஸ் கையில் வந்ததும் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்கள். எதற்காக நிறுத்தப்பட்டோம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட வாங்கியிருக்க மாட்டார்கள். கவுண்டரில் இருப்பவரும் தானாக முன்வந்து "உங்களுக்குப் பத்தாயிரம் வர வேண்டும்" என்று சொல்வது அபூர்வம். சொல்லக்கூடாது என்று எந்த ஆணையும் எனக்கு வந்ததில்லை. கேட்டவருக்குக் கொடு என்பதுதான் பழக்கமாக இருந்தது. அந்தப் பழக்கத்துக்கு அடியும் விழுந்திருக்கிறது: 2022 ஜூனில், பயணிகளை ஏற்ற மறுத்து உரிய இழப்பீடும் தராததற்காக ஏர் இந்தியாவுக்கு டி.ஜி.சி.ஏ. 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

உங்கள் மச்சினருக்கு இன்னும் வழி இருக்கிறது. முதலில் நிறுவனத்துக்கு ஈமெயில். பழைய டிக்கெட், மறுநாள் போர்டிங் பாஸ், இரண்டு விமானங்களின் நேரம், வங்கிக் கணக்கு விவரம், இவ்வளவு போதும். திட்டி எழுத வேண்டாம். பதில் வரவில்லை என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். சம்பவம் கேரளாவில் நடந்தது, அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்று பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். உங்களுக்கு நாகர்கோவில் போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

இனி கார்டு, அதாவது அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் கொடுக்கும் உறுப்பினர் கார்டு. ஒருவரை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் யாரை நிறுத்துவது? எனக்குத் தெரிந்த எல்லா நிறுவனத்திலும் ஏறத்தாழ ஒரே ஒழுங்குதான். தனியாகப் பயணம் செய்யும் குழந்தைகள், சக்கர நாற்காலிக்காரர்கள், அவர்களோடு வருபவர்கள் ஆகியோரைத் தொட மாட்டார்கள். கைக்குழந்தையோடு வரும் குடும்பத்தைப் பிரிக்கத் தயங்குவார்கள். மேல்நிலைக் கார்டு வைத்திருப்பவர், கூடுதல் கட்டணத்தில் டிக்கெட் எடுத்தவர், இறங்கிய ஊரில் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர் எல்லாம் பாதுகாப்பான பக்கம். மலிவான கட்டணம், கார்டு இல்லை, தனி ஆள், கடைசியாக வந்தவர் என்ற நான்கும் ஒருவரிடமே சேர்ந்தால் கம்ப்யூட்டர் அவர் பெயரைத்தான் முதலில் காட்டும். கல்ஃப் தொழிலாளியின் அடையாளமே இந்த நான்கும்தான் என்பதை நான் ஆரம்பத்திலேயே கவனித்தேன். யாரும் திட்டம் போட்டு அப்படி அமைக்கவில்லை. ஆனால் முடிவு அப்படித்தான் விழுகிறது, அதை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே கார்டுக்காரருக்கு இடம் கிடைத்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் கார்டைக் காட்டியதால் கிடைத்திருக்காது. அவர் டிக்கெட் போட்டபோதே உறுப்பினர் எண் பதிவாகியிருக்கும், பட்டியலில் அவர் பெயர் ஏற்கெனவே மேலே இருந்திருக்கும். அநேகமாக வீட்டிலிருந்தே செக்-இன் செய்துவிட்டு, பெட்டியைப் போட மட்டும் வந்திருப்பார். இந்த வெப் செக்-இன் விஷயம் காசில்லாத கார்டு என்றே சொல்லலாம். ஒருவர் செக்-இன் ஆகி, பெட்டியும் உள்ளே போய்விட்டால் அவரை நிறுத்துவது பெரிய தலைவலி. பயணி ஏறவில்லை என்றால் அவருடைய பெட்டியையும் தேடி இறக்கியாக வேண்டும், பாதுகாப்பு விதி அது. பெட்டி தேடப் போனால் விமானம் தாமதமாகும். அதனால் கை முதலில் போவது இன்னும் செக்-இன் ஆகாதவர்கள் மேல்.

காசு கொடுத்து வாங்கும் பொருளல்ல இந்தக் கார்டு. முதல்நிலை உறுப்பினராவது எங்கும் இலவசம். அதனால் கிடைக்கும் முன்னுரிமையும் ஒன்றுமில்லை. மேல்நிலை பறந்து பறந்து சேர்ப்பது. 1981 மே 1-ம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய அட்வான்டேஜ் திட்டம்தான் இன்றைய மைல் கணக்குக்கெல்லாம் முன்மாதிரி. அப்போது பறந்த தூரத்துக்கு மைல். இப்போது காற்று மாறிவிட்டது: கொடுத்த பணத்துக்குத்தான் புள்ளி. ஏர் இந்தியா 2024 ஏப்ரலில் அப்படி மாற்றியது. எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் திட்டத்தில் சில்வர் ஆக 25,000 டயர் மைல் (கார்டின் நிலையை உயர்த்துவதற்கென்று எண்ணும் மைல்), கோல்டுக்கு 50,000, பிளாட்டினத்துக்கு 150,000. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மலிவு டிக்கெட்டில் வந்து போகிறவர் சில்வரின் வாசலைக்கூட மிதிக்க மாட்டார். சேர்த்த மைலும் மூன்று வருடத்தில் காலாவதி. மாதா மாதம் கொச்சிக்கும் துபாய்க்கும் பறக்கும் வியாபாரிக்கு அது வேறு கதை. அவருக்குக் கூட நான் சொல்வது, சீட்டைவிட எடைதான் லாபம் என்று: அதே ஸ்கைவார்ட்ஸில் எடைக் கணக்கு உள்ள வழித்தடங்களில் சில்வருக்கு 12 கிலோ, கோல்டுக்கு 16, பிளாட்டினத்துக்கு 20 கிலோ கூடுதல். ஏர் இந்தியாவும் சேர்ந்திருக்கும் விமான நிறுவனக் கூட்டணியான ஸ்டார் அலையன்ஸின் கோல்டுக்கும் 20 கிலோ. கவுண்டரில் பெட்டியைப் பிரித்து ஏத்தங்காய் உப்பேரியை வெளியே எடுத்துவைக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு நிறுவனத்தை நம்பிக் கார்டு சேர்ப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதியோடு பறப்பதை நிறுத்தியபோது, அதில் பிளாட்டினமாக இருந்தவரும் மறுநாள் எல்லாரையும் போல வரிசையில் நின்றார். மைல் திட்டம் தனி கம்பெனியாக இருந்ததால் மைல் தப்பியது. முன்னுரிமை போனது போனதுதான்.

பிசினஸ் கிளாஸ் கதைக்கு வருகிறேன். அது நடந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு, உங்கள் மச்சினரின் ஆஃப்லோடுக்கும் அதற்கும் தொடர்பும் உண்டு. எகானமியில் ஆள் அதிகம், பிசினஸில் நான்கு சீட் காலி என்றால், எகானமியிலிருந்து நான்கு பேரை மேலே தூக்கி அந்த நான்கு இடத்தையும் கீழே நிற்பவர்களுக்குக் கொடுப்போம். அவரை மேலே ஏற்றியதால் உங்கள் மச்சினரின் இடம் பறிபோகவில்லை. அதனால் கீழே யாரோ ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கும், இவர் வரை அது எட்டவில்லை. யாரைத் தூக்குவது? மறுபடி அதே பட்டியல், மேலிருந்து: கார்டு, கட்டணப் பிரிவு, அப்புறம் தனி ஆள். ஊழியர் டிக்கெட்டுக்கும் குரூப் டிக்கெட்டுக்கும் பொதுவாகக் கிடையாது. கோட்டு போட்டுப் போனால் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அது ஊழியர் டிக்கெட்டிலிருந்து கிளம்பிய கதை என்பது என் ஊகம். காலி இடம் இருந்தால் ஏறிக்கொள்ளும் விமான ஊழியர்களுக்கு நல்ல உடையில் வர வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. பார்த்தவர்கள் உடையால்தான் இடம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டார்கள். புதுமணத் தம்பதி என்று சொன்னவர்கள், கவுண்டரில் அல்வாப் பொட்டலம் நீட்டியவர்கள், பெரிய இடத்துப் பெயர் சொன்னவர்கள் எல்லோரையும் பார்த்தாயிற்று. கேட்பதில் தவறில்லை. ஆனால் திரையில் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும்போது கவுண்டர்க்காரர் தன் இஷ்டத்துக்கு ஒருவரை மேலே தூக்கினால், யார் தூக்கினார் என்பதும் பதிவாகும். இப்போது காலி பிசினஸ் சீட்டை ஏலத்தில் விட்டோ, செக்-இன் நேரத்தில் குறைந்த விலைக்குக் கொடுத்தோ காசாக்கிவிடுகிறார்கள். இலவசமாகத் தூக்க மிச்சம் இருப்பதே குறைவு.

அதைவிட முக்கியமானது, நம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகும் பல விமானங்களில் பிசினஸ் கிளாஸ் என்பதே இல்லை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தன் முதல் பறப்பையே 2005 ஏப்ரல் 29-ல் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குத்தான் தொடங்கியது, முழுக்க எகானமி விமானத்தோடு. ஏர் அரேபியாவின் ஏ320-யும் அப்படித்தான். ஒரே வகுப்பு விமானத்தில் மேலே தூக்கிச் சமாளிக்கும் வழி கிடையாது. ஒருவர் கூடினாலும் ஒருவர் தரையில் நிற்க வேண்டும். பிசினஸ் உள்ள விமானமென்றால் எதிர்த்திசையிலும் நடக்கும்: பிசினஸுக்குப் பணம் கட்டியவரை எகானமிக்கு இறக்குவார்கள். அதற்கு 2023 பிப்ரவரி 15 முதல் தனி விதி. சர்வதேசப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர் வரை டிக்கெட் விலையில் 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். நம் வளைகுடாப் பயணங்கள் பெரும்பாலும் நடுவில் வரும்.

வேறு நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் நம் விதியின் பலவீனம் தெரியும். 1972-ல் ரால்ஃப் நாடர் என்ற நுகர்வோர் உரிமைக்காரரை அமெரிக்காவில் ஒரு விமானத்தில் ஏற்றாமல் விட்டார்கள். அவர் வழக்குப் போட்டு அது 1976-ல் உச்சநீதிமன்றம் வரை போனது. அதற்கு முன்பே, 1968-ல், ஜூலியன் சைமன் என்ற பொருளாதார அறிஞர் எளிய யோசனை சொன்னார்: யாரை நிறுத்துவது என்று நீ முடிவு செய்யாதே, எவ்வளவு கொடுத்தால் இறங்குவீர்கள் என்று பயணிகளையே கேள், குறைவாகக் கேட்டவரை நிறுத்து. முதலில் சிரித்தார்கள். 1970-களின் கடைசியில் தன்னார்வலரைக் கேட்பது அங்கே கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. நம் விதியிலும் தன்னார்வலரைக் கேள் என்று இருக்கிறது, ஆனால் கவுண்டரில் கூட்டத்தைப் பார்த்து "யாராவது நாளைக்குப் போறீங்களா, இவ்வளவு தர்றோம்" என்று வெளிப்படையாகக் கேட்டதை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். கேட்டிருந்தால் கை தூக்க ஆள் இருந்திருப்பார்கள். இன்னும் ஒரு நாள் பிள்ளைகளோடு இருக்கலாம், கையில் பணமும் வரும் என்றால் வேண்டாம் என்பவர் யார்? அதே நாளில் ரீ-என்ட்ரி முடிகிறவர் பதறாமல் ஏறிப் போயிருப்பார். இருவரையும் எதுவும் கேட்காமல் பட்டியலைப் பார்த்து நிறுத்துவதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

விசா தேதி நெருக்கடி உள்ளவர்கள் அதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. எகிறிப் பேசினால் கேட்க மாட்டார்கள். ரீ-என்ட்ரி காகிதத்தை எடுத்து நீட்டி, "டியூட்டி மேனேஜரைப் பார்க்க வேண்டும்" என்றால் பட்டியலை மாற்றும் அதிகாரம் அவருக்கு உண்டு, மாற்றியும் இருக்கிறோம். மலையாளம் வராதே என்று தயங்க வேண்டாம், அங்கே பாதிப் பேருக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

கடைசியாக, அடுத்த மாதம் போகும் உங்கள் மனைவி, பிள்ளைகள். மூவரும் ஒரே பி.என்.ஆரில் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஏஜென்ட் விலை குறைத்துக் கொடுக்கிறேன் என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது குறைந்தபட்சம் நிறுவனத்துக்குப் போன் செய்து இணைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். 12 வயது வரையிலான பிள்ளைக்கு அதே பி.என்.ஆரில் உள்ள பெற்றோரில் ஒருவர் பக்கத்திலேயே சீட் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டி.ஜி.சி.ஏ. நம் நாட்டு நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. அதற்காக சீட்டுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. வெப் செக்-இன் திறந்த உடனே செய்துவிடுங்கள். டிக்கெட்டில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்பதையும் பாருங்கள். நம் ஊர் டிக்கெட்டுகளில் அநேகமாக ஏஜென்ட் நம்பர்தான் இருக்கும். நேரம் மாறினால் மெசேஜ் அவருக்குப் போகும், அவர் கடை பூட்டிவிட்டுத் தூங்குவார். பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு (சாமியைக் கடலில் நீராட்டும் சடங்கு) நாட்களில் ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு ஓடுபாதையைக் கடந்துதான் போகும், சில மணி நேரம் ஓடுபாதையையே மூடி விமான நேரங்களை மாற்றுவார்கள். மெசேஜ் வராதவர்கள் பழைய நேரத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சர்வதேச விமானத்துக்குக் கவுண்டர் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும், அதற்குப் பிறகு வந்தால் மேலே சொன்ன எந்த விதியும் உதவாது. மார்த்தாண்டத்திலிருந்து கிளம்பும்போது பாலராமபுரம் சந்திப்புக்கென்று தனியாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிரைவரிடம் சர்வதேச முனையம் சாக்கை பக்கம் என்பதையும் சொல்லிவிடுங்கள், சங்குமுகம் பக்கத்து உள்நாட்டு முனையத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.